கிணற்று வேலுக்குப் போட்ட திரை

கிணற்றுச் சுவரில் ஒரு ஈரச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

பங்குனி வெயில். மேலே கொட்டகைக்குள் எஞ்சின் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் குப்பென்று வந்து தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியாக அண்ணனுடைய கரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தேன். தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் பாறை தெரிந்தது. பாறையின் காலடியில் கொஞ்சம் கலங்கல். சுவரில் முருகனுடைய வேலைச் செதுக்கி வைத்திருந்தோமே, அந்த இடத்தில்தான் சாக்கு. மேலே ஒரு முளைக்குச்சியை அடித்து மாட்டியிருந்தது.

"அங்கன என்னண்ணே சாக்கு?" என்று கேட்டேன்.

சுருளியண்ணன் வேம்படி நிழலில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். என் ஒன்றுவிட்ட பெரியப்பா மகன். எனக்கு மூத்தவர். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சாமிக்குத் திரை போட்டிருக்கு தம்பி. திரை போட்டிருக்கப்ப சாமி பாக்காதுல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இத்தனை காலம் கழித்து இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழித்துவிடுகிறது. வயசாகிவிட்டது அப்பா, கொஞ்சம் நிறுத்துங்கள் என்கிறாள் மகள். வயசு காரணமில்லை. அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு

எங்கள் தோட்டம் கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. மார்க்கையன்கோட்டைப் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற சம்சாரிகளுக்கு ஆறும் வாய்க்காலும் உண்டு. மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக நடந்து வரும். எங்களுக்கு மேகமும் கிணறும்தான்.

எங்கள் தாத்தாவும் சுருளியண்ணன் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரு பஞ்சத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிய கிணறு அது. ஒரு நாள் அவர்கள் வீட்டு முறை, மறுநாள் எங்கள் முறை. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எங்கள் அப்பா காலம் முடிய ஒரு சச்சரவு வந்ததில்லை.

ஏன் வரவில்லை என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கவேண்டிய நாள் வந்தபோதுதான் எனக்கே புரிந்தது. கமலையில் மாடு பூட்டி இறைப்போம். வெயில் ஏறினால் மாட்டுக்கு நுரை தள்ளும். அவிழ்த்து நிழலில் கட்டியே ஆகவேண்டும். அந்த நேரத்தில் ஊற்று ஊறும். பொழுது சாய மறுபடி கொஞ்சம் இறைப்போம். ராத்திரி முழுக்க ஊறும். காலையில் அடுத்த வீட்டுக்காரன் வந்தால் அவனுக்கும் தண்ணீர் நிற்கும். அமாவாசையன்று மாட்டின் கழுத்தில் நுகத்தடி வைக்கக் கூடாது. அன்றைக்குக் கிணறும் சும்மா கிடக்கும்.

நாளைத்தான் நாங்கள் பங்கு போட்டோம். தண்ணீரைப் பங்கு போட்டது மாடு.

கமலை இறைத்த காலம் பொற்காலம் என்று நான் எழுதப் போகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். வடம் அறுந்து எங்கள் அப்பாவின் தோளில் அடித்து, அந்தக் கையைக் கடைசிவரை அவர் மேலே தூக்கினதில்லை. மாட்டுக் கழுத்துப் புண்ணில் ஈ மொய்க்கும். அதற்கு வேப்பெண்ணெய் தடவித் தடவி என் கையெல்லாம் அந்த வாடை. சோறு தின்னும்போதும் அதே வாடை. எஞ்சின் வருகிறது என்று கேள்விப்பட்டபோது முதலில் சந்தோசப்பட்டவன் நான். மாட்டுக்கு விடிவு வந்தது முருகா என்று கும்பிட்டேன்.

எஞ்சினுக்குப் பொங்கல்

அப்போது உலக யுத்தம் என்கிற பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க்கு ஏகத் தட்டுப்பாடு. வீட்டுச் சிம்னி விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடையாது. ஆனால் தானியம் விளைவிக்கிற சம்சாரிக்கு எஞ்சின் எண்ணெய்க்குப் பெர்மிட் கொடுத்தார்கள். ஊர் உலகத்தில் பசி. அதனால் அந்த ஏற்பாடு.

சுருளியண்ணன் போடியில் ஒரு வியாபாரியிடம் பழைய ஆயில் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். ரோட்டோரமாகச் சோளம் விதைத்தார். பெர்மிட் எழுத வருகிற அதிகாரி வில்லு வண்டியில் உட்கார்ந்தபடி பார்த்தால் சோளம் தெரியும். சோளத்துக்குப் பின்னால் முழுக்கக் கரும்பு. வெல்லம் அப்போது விற்ற விலைக்கு அவர் கணக்கு சரிதான். ஊரே கஞ்சிக்கு அலைகிற வருசத்தில், கஞ்சிக்கு என்று கொடுத்த எண்ணெயை வெல்லத்துக்கு எரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காடு, அவர் பாடு.

எஞ்சின் வந்ததும் உழவு மாட்டைத் தவிர மற்ற மாடுகளை விற்றுவிட்டார். இங்கே ஒரு சேதி சொல்லவேண்டும். மாடு வைக்கோலைத் தின்றது. சாணி போட்டது. சாணி குப்பையாகி வயலுக்குப் போனது. வயல் திரும்ப வைக்கோலைக் கொடுத்தது. எஞ்சின், கடலுக்கு அங்கிட்டிருந்து வந்த எண்ணெயைக் குடித்தது. புகையைப் போட்டது. அடுத்த ஆடியில் கரும்புக்குப் போட எருவில்லாமல், என் குப்பைக் குழியில் ரெண்டு வண்டி வேண்டும் என்று அண்ணன் ஆள் அனுப்பினார்.

என் சம்சாரம் அங்கம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அந்த ஆளிடம் கேட்டாள்: "ஏன், எஞ்சின் இன்னைக்குச் சாணி போடலையாக்கும்?"

அந்த ஆள் சிரித்தான். குப்பையைக் கொடுத்துத்தான் விட்டோம். பங்காளி கேட்டால் இல்லை என்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அந்த வருசம் மாட்டுப் பொங்கலுக்கு அண்ணன் எஞ்சினுக்குச் சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, கொம்புக்குப் பூசுகிற நீலச் சாயத்தை அதன் பெரிய சக்கரத்தில் பூசினார். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் போய்ச் சர்க்கரைப் பொங்கல் தின்றேன்.

வறண்ட முறை

தை கழிந்து மாசி வந்ததும் வினை வந்தது.

என் முறையன்று விடியக் கருக்கலில் மாட்டைப் பூட்டி, தண்ணீர் மொள்ளுகிற சாலைக் கிணற்றில் இறக்கினால், சால் பாறையில் போய் மோதுகிறது. முந்தின நாள் அண்ணன் முறை. எஞ்சினுக்கு நுரை தள்ளுவதில்லை. நிழல் வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து பொழுதடைந்து விளக்கு வைக்கிறவரை, ஊற ஊற உறிஞ்சிவிடும். அமாவாசையும் இல்லை. ராத்திரி ஊறினதை மட்டும் நக்கிவிட்டு நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருவேன்.

எனக்கு இருந்தது கேப்பை. அந்த வருசம் மானாவாரிச் சோளம் மழையில்லாமல் கருகிப்போய், வீட்டில் குதிர் காலி. ரேசன் கடையில் போட்ட அரிசியில் புழுவைப் பொறுக்கின பிறகு மிச்சம் கொஞ்சம்தான். கிணற்றடியில் நான் போட்டிருந்த கேப்பைதான் என் பிள்ளைகளுக்கு அந்த வருசத்துக் கஞ்சி. வேறு கதியில்லை. பயிர் பொதி கட்டி நின்றது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. தவறினால் கதிர் இருக்கும், உள்ளே மணி இருக்காது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உன் முறையில நான் கிணத்தைத் தொட்டேனா?"

தொடவில்லை. அதுதான் அதிலிருக்கிற அநியாயம். முறையைத் தவறாமல் காப்பாற்றிக்கொண்டே என் தண்ணீரை எடுத்தார்.

கோயில் மண்டபத்தில்

ஊர்க்கூட்டத்தில் வைத்தேன். கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஊர்ப் பெரியவர் மலைச்சாமி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டார். அண்ணன் அதே கேள்வியைக் கூட்டத்திலும் கேட்டார். முறை மாறலையே, இவன் என்ன வழக்குக் கொண்டாந்திருக்கான் என்று பின்னால் ஒருத்தர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

எனக்குப் பேசத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் அன்றைக்கு வயிற்றெரிச்சல் பேசவைத்தது.

"மாட்டுப் பொங்கலுக்கு மாலை வாங்கிக்கிருச்சுல்ல அந்த எஞ்சின்," என்றேன். "பொங்கலுக்கு மாடா இருந்தா அமாவாசைக்கும் மாடா இருக்கணும். மத்தியானம் நெழல்ல நிக்கணும்."

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "சரி தம்பி. அதுக்குக் கழுத்துல புண்ணு வந்தா அன்னைக்கு அவுத்துக் கட்டுறேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. மலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. நேரத்தைப் பார்த்தால் சண்டை தீராது, தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்றார். கிணற்றுச் சுவரில் ஒரு அடையாளம் வைக்கவேண்டும். தண்ணீர் இறங்கி அந்த அடையாளம் தெரிந்தால், யார் முறையாக இருந்தாலும் இறைப்பை நிறுத்தவேண்டும். கீழே நிற்பது மறுநாள் முறைக்காரனுக்கு.

நியாயமான பேச்சு. எல்லோரும் சரி என்றார்கள். அத்தோடு விட்டிருந்தால் போதும். ஒருத்தர் எழுந்து, வெறும் கோடு போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கொத்திவிடுவார்கள், வேல் செதுக்குங்கள், வேலில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும் என்றார். மண்டபமே அதுதான் சரி, அதுதான் சரி என்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழனிக்கு நடந்து போகிறவன் நான். என் கேப்பைக்கு முருகனே காவல் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

கல்தச்சன் வந்து, படிக்கல்லுக்குப் பக்கத்தில், ஊற்றுக் கண்ணுக்கு மேலே வேலைச் செதுக்கினான். பொங்கல் வைத்தோம். சூடம் வாங்கிக் கொடுத்ததே சுருளியண்ணன்தான். இரண்டு வீட்டாரும் படியில் இறங்கி விழுந்து கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டோம்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் கேப்பையில் கதிர் தலை நீட்டியது.

சாக்கு

பிறகு கரும்பு காய ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் சாக்கு.

கோயிலில் திரை போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நைவேத்தியத்துக்குப் போடுவார்கள், அலங்காரத்துக்குப் போடுவார்கள். அந்த நேரத்தில் வெளியே நின்று நாமும் கண்ணை மூடிக்கொண்டிருப்போம். எங்கள் அண்ணனுக்கு அந்த மரியாதையில் ஒரு ஓட்டை தெரிந்திருக்கிறது. வேலைக் கொத்தவில்லை, அழிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு மூடிவிட்டார். வேல் தெரிந்தால்தானே நிறுத்தவேண்டும்? சாக்கு போட்டால் வேல் தெரியாது. ஊர் சொன்ன சொல்லையும் மீறவில்லை, சாமியையும் தொடவில்லை.

படியில் இறங்கிப் போய்ச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். வேல் தெரிந்தது. உளி பட்ட தடம் கூட மங்காமல் இருந்தது. வேலுக்குக் கீழே, கையைத் தூக்கி நிற்கிற ஒரு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. மேலே பார்த்து, "இப்பத் தெரியுதுண்ணே, நிறுத்து" என்றேன்.

எஞ்சின் நிற்கவில்லை. அந்தக் குழாய் என் கண்முன்னாலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மேலே ஏறி வந்தேன். இடுப்பில் அரிவாள் இருந்தது. புல்லறுக்கக் கொண்டுபோனது. எஞ்சினிலிருந்து பம்புக்குப் போகிற பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் போதும் என்று நினைத்தேன். அண்ணன் எழுந்து கொட்டகை வாசலில் குறுக்கே நின்றார். அவருடைய நாய், மற்ற நாளெல்லாம் என் காலடியில் வந்து படுக்கிற கோம்பை நாய், பல்லைக் காட்டியது. பெல்ட்டை வெட்டுவேனா, அவரை வெட்டுவேனா என்று எனக்கே அந்த நிமிசம் தெரியாது. முருகன் சாட்சியாக எழுதுகிறேன், தெரியாது.

புல்லறுக்க என்னோடு வந்திருந்த அங்கம்மா பின்னாலிருந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. விடவும் இல்லை.

அப்போதுதான் மதினி குடத்தோடு வந்தாக. அண்ணன் சம்சாரம் வெள்ளையம்மா. இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்தக் கிணறுதான். எங்களைப் பார்த்தாக. நேரே கிணற்றடிக்குப் போய்க் கயிற்றில் குடத்தை இறக்கினாக. கயிறு முழுக்க இறங்கியும் குடம் முங்கவில்லை. இழுத்தபோது குடத்தின் வயிற்றில் அப்பியிருந்தது சேறுதான்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் அண்ணன்.

"போறேன். குடம் நெறையட்டும், போறேன்."

மதினி படிக்கு மேலே நின்று, கீழே கிடந்த சாக்கையும் வேலையும் பார்த்தாக. திரை என்று அண்ணன் சொன்ன கதையை அங்கம்மா நாலு வார்த்தையில் சொன்னாள். மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினாக.

"திரை போட்டா நைவேத்தியம் வைக்கணும்ல. என்னத்த வச்சீக?"

அண்ணன் நாயைப் பிடித்து அப்பால் தள்ளினார்.

"கொழுந்தனார் கேப்பையத்தான வச்சீக? அந்தப் பிள்ளைக கஞ்சியத்தான வச்சீக? அதைச் சாமி தின்னுட்டுச் சும்மா இருக்கும்னு நெனச்சீகளாக்கும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாக. அண்ணன் முகம் கறுத்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கொட்டகைக்குள் போனார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியில் ஊற்றுக் கண்ணிலிருந்து தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது.

மறுநாளும் அதற்குப் பிறகும்

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மறுநாள் மண்டபத்தில் மதினியே வந்து நின்று பேசினாக. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பொம்பளை பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாமியைக் கிணத்துக்குள்ள காவலுக்கு நிறுத்தி வேலை வாங்கினது தப்பு, வெறும் கோடு போடுங்க, அதைப் பாத்து நிறுத்த மனுச ஆளைப் போடுங்க என்றாக. யார் ஆள் என்று மலைச்சாமி கேட்டார். நான்தான் என்றாக. அன்றிலிருந்து எஞ்சின் பெல்ட் ராத்திரி அவுக வீட்டு அடுப்படியில் தொங்கியது. காலையில் எடுத்துக் கொடுப்பாக. தண்ணீர் எடுக்கப் போகிறபோது கோடு தெரிந்தால் கொட்டகைக்குப் போய்ப் பெல்ட்டைக் கழற்றச் சொல்லித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாக. மலைப்பாம்பைத் தூக்கிட்டுப் போறா சுருளி பெண்டாட்டி என்று ஊர் கேலி பேசியது. அண்ணன் எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தார். பெல்ட் வரவில்லை.

அண்ணன் அந்தக் கரும்பில் பாதியை வெட்டி மாட்டுக்குப் போட்டார். எண்ணெய் மிச்சம். அடுத்த போகம் கேப்பைதான் போட்டார். அவராகப் போடவில்லை. அந்தக் கிணறு எவ்வளவு கொடுக்குமோ அதற்குத் தகுந்ததைப் போடவேண்டி வந்தது.

ஆனால் என் கேப்பை? பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் தவறியது தவறியதுதான். வாய்க்காலின் தலைமாட்டுப் பாத்திகளில் மணி இருந்தது. கடைசிப் பாத்திகளில் கதிரைக் கசக்கினால் கையில் உமிதான் வந்தது. அறுத்துக் கொண்டுவந்து களத்தில் அடித்து அங்கம்மா தூற்றினாள். காற்றோடு போனது அதிகம், காலடியில் விழுந்தது கொஞ்சம். அவள் முகத்தில் ஒட்டின தூசியைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கொஞ்சத்திலும் ஒரு படி எடுத்துக் கோயிலுக்கு என்று தனியாக வைத்தாள். எனக்கு அதைக் கூட எடுக்க மனசில்லை. அவள் எடுத்தாள்.

அந்த வருசம் ஐப்பசி வரைக்கும் என் பிள்ளைகள் புளியங்கொட்டையை வறுத்து இடித்து, கேப்பை மாவோடு கலந்து தின்றார்கள். வயிற்று வலி என்று சின்னவள் மடங்கிக்கொண்டு படுப்பாள். அப்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்கும்.

அண்ணன் சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணம், காது குத்து எல்லாவற்றிலும் நானும் அவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். அவர் காரியத்தில் பங்காளி முறைக்கு நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். ஊர் பார்த்து மெச்சியது.

கிருத்திகை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் நான். மழை கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வரன் கேட்டிருக்கிறேன். அங்கம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவளுக்காக உருண்டு புரண்டு கேட்டிருக்கிறேன். இந்தக் கோபத்தை மட்டும் எடுத்துக்கொள் முருகா என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டால் எடுத்துவிடுவான் என்ற பயம் எனக்கு.